சிங்க மேட்டுக்குப் போகும் வழி

ஒஸ்லோ ரயில் நிலையத்தில் தொடங்கி அரண்மனை வாசல் வரை ஓடுகிறது கார்ல் யோஹான் வீதி. அதில் பாதி தூரம் நடந்தால் இடப்பக்கம் மஞ்சள் செங்கல் கட்டடம் ஒன்று வரும். முகப்பு வட்டமாகப் புடைத்து, அரண்மனையை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கிறது. வாசலுக்கு ஏறும் சரிவில் இரண்டு கருங்கல் சிங்கங்கள். அதனால் ஊர்க்காரர்கள் நாடாளுமன்றத்தைச் ‘சிங்க மேடு’ என்றே சொல்கிறார்கள். ஸ்டோர்ட்டிங் என்பது அதன் முறையான பெயர். எமில் விக்டர் லாங்லெட் என்ற ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த கட்டடத்தை 1866இல் திறந்தார்கள். அதற்கு முன் அரை நூற்றாண்டு நார்வேயின் நாடாளுமன்றம் சொந்த வீடில்லாமல் பள்ளிக்கூட மண்டபத்திலும் பல்கலைக்கழக மண்டபத்திலும் கூடிக்கொண்டிருந்தது. சிங்கங்களைச் செதுக்கியவர்கள் அருகிலுள்ள ஆக்கர்ஷூஸ் கோட்டையில் தண்டனை அனுபவித்த கைதிகள். நாட்டின் மிக உயர்ந்த சபைக்குக் காவலாக நிற்கும் சிலைகளை உளி பிடித்துச் செய்தவர்கள் அந்த நாட்டில் ஓட்டுரிமைக்குக் கனவு காணக்கூட முடியாதவர்கள். எனக்கு அந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது இந்தத் தகவல்தான்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு மனிதர். பெயர் மசூத் கராகானி. 1982இல் தெஹ்ரானில் பிறந்தவர். ஈரான் - ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 1987இல், ஐந்து வயதுப் பையனாகப் பெற்றோருடன் நார்வேக்குத் தப்பி வந்தார். 2021 நவம்பர் 25 அன்று, 39 வயதில், அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நார்வேயின் மரபுப்படி அரசருக்கு அடுத்த இடம் பிரதமருக்கு இல்லை, நாடாளுமன்றத் தலைவருக்கு. அகதியாக வந்த குழந்தை 34 ஆண்டுகளில் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட வழியில் நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது. தலைநகரில் தொடங்கி, அவர் வளர்ந்த கிராமத்தில் முடித்துக்கொள்வதாகத் திட்டம். அவர் ஏறிய வழியில் நான் இறங்கினேன்.

ஒஸ்லோவில் எனக்கு இடம் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அவரும் 1987இல் வந்தவர்தான். மாணவர் விசாவில் வடக்கே ஒரு நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிக்குப் படிக்க வந்து, பிறகு வார்டோ தீவில் மீன் வெட்டும் ஆலையில் வேலைக்குப் போனவர். அந்தக் காலத்தில் நார்வேக்கு வந்த ஈழத்தமிழர்களில் பலருடைய கதை இதுதான்: பள்ளி, மீன் ஆலை, குளிர், பிறகு ஒஸ்லோ.

“புதன்கிழமை போங்கோ தம்பி. அண்டைக்குத்தான் கேள்வி நேரம். மேல இருந்து ஆரும் பாக்கலாம், காசில்லை” என்றார்.

பார்வையாளர் மாடத்துக்குப் போகப் பையைச் சோதிக்கிறார்கள், அவ்வளவுதான். சிபாரிசுக் கடிதம் வேண்டாம். மேலே போய் உட்கார்ந்தால் கீழே அரை வட்டமாக 169 இருக்கைகள். நான் முதலில் ஆளுங்கட்சி எந்தப் பக்கம், எதிர்க்கட்சி எந்தப் பக்கம் என்று தேடினேன். அப்படிப் பக்கமே கிடையாது. உறுப்பினர்கள் கட்சிவாரியாக உட்காருவதில்லை, மாவட்டவாரியாக உட்காருகிறார்கள். ஒரே மாவட்டத்திலிருந்து வந்த தொழிற்கட்சிக்காரரும் வலதுசாரிக் கட்சிக்காரரும் முன்னேற்றக் கட்சிக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில். சண்டை போட வேண்டுமென்றால் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் போட வேண்டும். இந்த அமைப்பை நம் ஊர்ச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு நாள் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

பேச எழுந்தவர் யாரானாலும் முதலில் தலைவரைத்தான் விளிக்கிறார். அமைச்சரைத் திட்டுவதானாலும் தலைவர் வழியாகத்தான் திட்ட வேண்டும். தலைவர் கையில் சிறு மரச் சுத்தியல். தலைவர் விவாதத்தில் கலந்துகொள்ள விரும்பினால் நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வர வேண்டும். வாக்கு சரிசமமாகப் பிரிந்தால் அவருடைய வாக்கே முடிவு. இந்த நாடாளுமன்றத்தை இடையில் கலைக்க யாருக்கும் அதிகாரமில்லை, அரசருக்கும் பிரதமருக்கும்கூட. நான்கு ஆண்டு என்றால் நான்கு ஆண்டுதான். அதனால் அரசு கவிழ்ந்தாலும் அந்த நாற்காலி ஆடாது.

அன்றைக்கு அதில் உட்கார்ந்திருந்தவர் கராகானி இல்லை. துணைத் தலைவர்களில் ஒருவர். தலைவரும் ஐந்து துணைத் தலைவர்களும் முறை வைத்து அமர்கிறார்கள். எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவர் இல்லாததால் நாற்காலிக்குப் பின்னாலிருந்ததை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அது ஒரு பெரிய ஓவியம். ஆஸ்கர் வெர்கெலாண்ட் 1885இல் தீட்டியது. 1814ஆம் ஆண்டு எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் 112 ஆண்கள் கூடி நார்வேயின் அரசமைப்புச் சட்டத்தை எழுதிய காட்சி. மே 17 அந்நாட்டின் தேசியத் திருநாள் ஆனது அதனால்தான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அதைவிடத் தாராளமான அரசமைப்பு அபூர்வம். ஆனால் அதன் இரண்டாவது பிரிவில் ஒரு வரியும் எழுதி வைத்தார்கள்: யூதர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது. ஏசு சபைத் துறவிகளுக்கும் மடத்துத் துறவிகளுக்கும் அதே தடை. யூதத் தடையை நீக்கக் கவிஞர் ஹென்ரிக் வெர்கெலாண்ட் ஆண்டுக்கணக்கில் போராடினார். எய்ட்ஸ்வோலில் அமர்ந்து தடையை ஆதரித்தவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். மகன் 1845இல் இறந்தார். தடை 1851இல்தான் நீங்கியது. ஏசு சபையினர் 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கவிஞரின் சிலை நாடாளுமன்றத்துக்கு எதிரே பூங்காவில் நிற்கிறது.

வெளியாரை உள்ளே விடாதே என்று எழுதிய மனிதர்கள் மேலே ஓவியத்தில். தெஹ்ரானில் பிறந்தவருடைய நாற்காலி கீழே. இதைப் பார்த்து ‘ஆஹா, வரலாற்றின் விந்தை’ என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அந்த நாற்காலியின் பழைய கதை அவ்வளவு நேர்கோடானதில்லை. நார்வேயின் நாடாளுமன்றத் தலைவர்களில் மிகப் புகழ்பெற்றவர் சி. ஜே. ஹாம்ப்ரோ. கோபன்ஹேகனிலிருந்து பெர்கன் நகருக்குக் குடியேறிய யூத வம்சாவளி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1940 ஏப்ரல் 9 விடியலில் ஜெர்மானியப் படை ஒஸ்லோ வாசலுக்கு வந்தபோது, அமைச்சர்கள் திகைத்து நின்ற வேளையில், அரசரையும் அரசையும் உறுப்பினர்களையும் தனி ரயிலில் ஏற்றி வடக்கே ஹாமர் நகருக்குக் கிளப்பியவர் அவர்தான். அன்றிரவே எல்வெரூம் என்ற ஊரில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் கூடி, நாட்டுக்கு வெளியிலிருந்தும் ஆட்சி நடத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தார்கள். நாடாளுமன்றத் தலைவர் என்பது சுத்தியல் தட்டும் வேலை மட்டுமில்லை என்று நார்வேக்காரர்கள் நினைப்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

அதைவிட வேடிக்கை வீதியின் மறுகோடியில், அரண்மனையில் இருக்கிறது. 1905இல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்தபோது நார்வேக்குச் சொந்தமாக அரசர் இல்லை. டென்மார்க் இளவரசர் கார்லை அழைத்தார்கள். மக்கள் வாக்கெடுப்பு நடத்தினால்தான் வருவேன் என்றார் அவர். நடத்தினார்கள். ஹோகோன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, இங்கிலாந்தில் பிறந்த மனைவியோடும் அலெக்ஸாண்டர் என்ற இரண்டு வயது மகனோடும் கப்பலில் வந்து இறங்கினார். பையனுக்கு ஊலாவ் என்று நார்வேப் பெயர் சூட்டினார்கள். பின்னாளில் அவரே அரசரானார். அவர்கள் வந்து இறங்கிய நாள் 1905 நவம்பர் 25. கராகானி தேர்ந்தெடுக்கப்பட்டதும் நவம்பர் 25. தற்செயல்தான், யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பையனின் மகன் அரசர் ஹரால்ட் 2016இல் அரண்மனைத் தோட்டத்தில் பேசியபோது, நார்வேக்காரர்களில் ஆப்கானிஸ்தானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, என் தாத்தா பாட்டியும் டென்மார்க்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள்தான் என்று சேர்த்துக்கொண்டார். அகதியும் இளவரசனும் ஒன்றாகிவிட மாட்டார்கள். ஒருவரை விரும்பி அழைத்தார்கள். மற்றவர் கதவைத் தட்டினார். ஆனாலும் நாட்டின் முதல் இரண்டு இடங்களிலும் குடியேறிய குடும்பங்கள் என்ற கணக்கு பொய்யில்லை.

சரி, 2021க்கு வருவோம். கராகானிக்கு அந்த நாற்காலி மாலை மரியாதையோடு காலியாக இருந்து கிடைக்கவில்லை. 2018இல் ஒரு தலைவர் விலகினார்: நாடாளுமன்றத்தின் புதிய நுழைவாயில், சுரங்கப் பாதைக் கட்டுமானச் செலவு மதிப்பீட்டைப்போல் இரு மடங்காகிவிட்டது. 2021 அக்டோபரில் தேர்வான தொழிற்கட்சியின் எவா கிறிஸ்டின் ஹான்சென் ஆறே வாரத்தில் விலகினார். வெளியூர் உறுப்பினர்களுக்கு ஒஸ்லோவில் இலவச வீடு உண்டு. அவர்களுடைய சொந்த வீடு நாடாளுமன்றத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு வீடு இருந்தது தெரியவந்து, போலீஸ் விசாரணை வரை போனது. அவர் மட்டுமில்லை, பல கட்சிக்காரர்களின் வீட்டு விவகாரங்களும் சலுகைகளும் பத்திரிகைகளில் நாறிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. நிறுவனத்தின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்த நேரத்தில் தொழிற்கட்சி கராகானியைக் கூப்பிட்டது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. நல்ல காலத்தில் அந்த நாற்காலி அவரிடம் வந்திருக்குமா? அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். “வீடு நல்லா இருக்கேக்க ஆர் தம்பி எங்களைக் கூப்பிடுறது? துடைக்கத்தான் கூப்பிடுவினம். ஆனா கூப்பிடுறதுக்கு ஆள் அங்க நிண்டுதே, அதைப் பாருங்கோ” என்றார். கூப்பிடும் தூரத்தில் அவர் எப்படி நின்றார்? அதைத் தெரிந்துகொள்ள மறுநாள் ட்ராம்மென் நகருக்கு ரயிலேறினேன்.

ஒஸ்லோவிலிருந்து ட்ராம்மெனுக்கு முக்கால் மணிக்கும் குறைவு. பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் லியரோசென் சுரங்கத்துக்குள் ரயில் புகுந்து இருட்டில் ஓடி, வெளியே வரும்போது கீழே கடல்கழியும் ஆற்று முகமும் திடீரென்று விரியும். ட்ராம்மென் ஒரு காலத்தில் மரமும் காகிதமும் விற்று வாழ்ந்த ஊர். ஆற்றின் இரு கரையிலும் ஆலைகள். ஆலைகள் மூடின, ஊர் அழுக்காகக் கிடந்தது, பிறகு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். காகித ஆலை இருந்த இடத்தில் இன்று நூலகம், கல்லூரி, இசை அரங்கு. ஆற்றின் குறுக்கே ஒய் எழுத்து வடிவத்தில் ஒரு நடைபாலம். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். குடியேறியவர்களின் விகிதத்தில் நாட்டின் முன்வரிசை நகரங்களில் ஒன்று. ஆலை வேலைக்கு வந்த துருக்கியர், பாகிஸ்தானியர், பிறகு அகதிகள். ஸ்ட்ரோம்சோ பக்கத்துத் தெருவில் துருக்கிக் காய்கறிக் கடையில் நம் ஊர்ப் பச்சை மிளகாய் கிடைத்தது. காரமும் இருந்தது.

கராகானி ரேடியோகிராபர் படிப்பு முடித்தவர், எக்ஸ்ரே எடுக்கும் தொழில். அரசியலைத் தொடங்கியது இந்த நகராட்சியில். நகர மன்ற உறுப்பினரானார். மன்றத்தில் தொழிற்கட்சியின் முகமானார். மேயர் பதவிக்குக் கட்சி அவரை முன்னிறுத்தியும் கிட்டவில்லை. நகரம் அப்போது வலதுசாரிக் கட்சியின் கையில் உறுதியாக இருந்தது. 2017இல்தான் புஸ்கெரூட் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார். அதாவது ஆண்டுக்கணக்கில் பள்ளிக்கூடக் கூரை, முதியோர் இல்லம், பனி வாரும் செலவு என்று பேசிக்கொண்டிருந்த மனிதர். இதில் பத்திரிகைத் தலைப்புக்கு ஆகிற செய்தி ஒன்றுமில்லை. ஆனால் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

1983 முதல் நார்வேயில் ஒரு விதி உண்டு. மூன்று ஆண்டு சட்டப்படி வசித்த வெளிநாட்டவர் யாரானாலும், குடியுரிமை இல்லாவிட்டாலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்குக் குடியுரிமை கட்டாயம். இதோடு இன்னொன்று. உள்ளாட்சித் தேர்தலில் கட்சியின் பட்டியலுக்கு வாக்குப் போடும்போதே, அதில் தமக்குப் பிடித்த ஆளின் பெயருக்கு நேரே குறி போட்டுத் தனி வாக்கும் கொடுக்கலாம். வேறு கட்சிப் பட்டியலிலிருந்துகூடச் சில பெயர்களைச் சேர்க்கலாம். கட்சி கடைசி வரிசையில் போட்ட ஆளை மக்கள் முன்னுக்குத் தூக்கிவிட முடியும். நகரங்களில் குடியேறியவர்கள் இந்தக் குறியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒஸ்லோ நகர மன்றத்தில் பாகிஸ்தானிய, தமிழ், சோமாலியப் பெயர்கள் நிறைந்தது அதனால்தான்.

நாடாளுமன்றத் தேர்தலில் இந்த வித்தை பலிக்காது. கராகானி உள்ளே போன காலத்து விதிப்படி, ஒரு கட்சியின் வாக்காளர்களில் பாதிக்கு மேல் ஒரே மாற்றத்தைச் செய்தால்தான் வரிசை மாறும். நடைமுறையில் அது நடக்கிற காரியமில்லை. எனவே யார் எத்தனையாவது இடம் என்பதைக் கட்சியின் மாவட்டக் கூட்டமே முடிவு செய்யும். அந்தக் கூட்டத்தில் கை தூக்குபவர்கள் கிளைக் கூட்டங்களில் நாற்காலி அடுக்கியவர்கள், குளிரில் வீடு வீடாகப் போனவர்கள், சிறு நகராட்சிகளின் மன்ற உறுப்பினர்கள். அவர்களுக்குத் தெரிந்த முகமாக இல்லாதவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் பட்டியலில் இடமில்லை. நகர மன்றத்தில் பல ஆண்டு கழித்தவருக்கு அங்கே வெளியார் என்ற பெயர் எடுபடாது. 2001இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த அஃப்ஷான் ரஃபீக், 2009 முதல் 2013 வரை அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்த பாகிஸ்தானில் பிறந்த அக்தர் சவுத்ரி என்று கராகானிக்கு முன்பே படியில் கால் வைத்தவர்கள் உண்டு.

நெதர்லாந்திலும் கராகானி தலைவராவதற்கு ஐந்தாண்டு முன்பே இப்படி ஒன்று நடந்தது. மொராக்கோவில் பிறந்து பதினைந்து வயதில் வந்த கதீஜா அரிப் 2016இல் கீழவைத் தலைவரானார். அங்கே எதிர்ப்பு வெளிப்படையாகவே வந்தது. மொராக்கோ குடியுரிமை வைத்திருப்பவர் எப்படித் தலைவராகலாம் என்று குடியேற்றத்தை எதிர்க்கும் கீர்ட் வில்டர்ஸின் கட்சி கேட்டது. நார்வேயிலும் வெறுப்பு இல்லாமலில்லை. 1999இல் பாகிஸ்தானில் பிறந்த ரூபினா ரானா ஒஸ்லோவின் மே 17 விழாக் குழுவுக்குத் தலைமை ஏற்றதற்கே கொலை மிரட்டல் வந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பதற்கே அந்தப் பாடு.

ட்ராம்மெனிலிருந்து ஆற்றை ஒட்டி ரயில் மேற்கே ஹொக்சுண்ட் போகிறது. ஹெல்லெஃபொஸ் அருவியில் சால்மன் மீன் துள்ளுவதைப் பார்க்க ஆட்கள் வரும் சிற்றூர். ஓவ்ரே எய்க்கர் நகராட்சியின் தலைமையிடம். அங்கிருந்து வடக்கே ஸ்கோட்செல்வ். கராகானியின் குடும்பம் குடியமர்ந்த கிராமம். ஒஸ்லோ - பெர்கன் விரைவு ரயில் ஊருக்குள்ளேயே ஓடுகிறது, ஆனால் நிற்காது. நான் பஸ்ஸில் போனேன். நவம்பர் மாதம்; மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆயிரம் பேருக்கும் குறைவான ஊர். பெரிய ஆற்றில் சிற்றாறு ஒன்று வந்து விழுகிறது. அந்த நீர்விசையை நம்பி ஒரு காலத்தில் மரக்கூழ் ஆலை. மர வீடுகள், ஓடைப் பாலம், பின்னால் தேவதாரு மூடிய குன்று. பஸ் நிறுத்தத்தில் நாயோடு நின்ற பெரியவர், இருட்டில் வந்து இறங்கிய என்னைப் பார்த்து, தொலைந்துபோனவன் என்று நினைத்து உதவிக்கு வந்தார். ஸ்டோர்ட்டிங் தலைவர் வளர்ந்த ஊரைப் பார்க்க வந்தேன் என்றேன். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இங்கே பார்க்க ஒன்றுமில்லையே” என்றார் ஆங்கிலத்தில். பெருமையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஊரில் பலகை இல்லை, வளைவு இல்லை, மலர்ந்த முகத்தோடு பதாகை இல்லை. அடுத்த பஸ் எப்போது என்பதைத் தன் போனில் பார்த்துச் சொன்னார்.

எண்பதுகளில் நார்வே அகதிகளை ஒஸ்லோவில் குவியவிடாமல் நாடெங்கும் உள்ள நகராட்சிகளுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கியது. வீடும் மொழி வகுப்பும் நகராட்சியின் பொறுப்பு. இந்த முறையால் தனிமையில் வாடிய குடும்பங்கள் ஏராளம். தன் மொழி பேச ஒரு ஆள் இல்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது என்னவென்று அண்ணன் எனக்குச் சொல்லியிருக்கிறார். முடிந்ததும் பலர் ஒஸ்லோவுக்கே ஓடிவந்துவிட்டார்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கணக்கு வேறு. இப்படி ஓர் ஊரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஊரார் பிள்ளைகளோடுதான் பள்ளி, பனிச்சறுக்கு, பந்து எல்லாம். அந்த வட்டாரப் பேச்சுதான் நாக்கில் ஏறும். மாவட்டக் கூட்டத்தில் பின்னாளில் கை தூக்கப்போகிறவர்கள் இந்த மாதிரி ஊர்க்காரர்கள்தான்.

இந்தக் கதையில் பலருக்கு உறுத்தலான பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் பயணத்துக்கு அர்த்தமில்லை. நாடாளுமன்றத்தில் கராகானி தன் கட்சியின் குடியேற்றக் கொள்கைப் பேச்சாளராக இருந்தார். அந்தப் பொறுப்பில் அவர் கறாரானவர் என்று பெயரெடுத்தார். மொழி படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், வீட்டுக்குள் பெண்பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் வழக்கத்தைக் கலாசாரம் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். “தான் ஏறின பிறகு ஏணியை இழுக்கிறார்” என்பது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கேட்ட தீர்ப்பு. சொன்னது அண்ணனின் மனைவி, அக்கா. அங்கேயே பிறந்து வளர்ந்த மகள் உடனே எதிர்த்தாள்: “பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றிச் சொன்னது சரிதானே அம்மா?” குழம்பு ஆறும் வரை வாதம் நடந்தது. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது; மகள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக. குடியேறியவர் என்றால் குடியேறியவர்களின் வக்கீலாகத்தான் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகையில் அவரை வாசலிலேயே நிறுத்துவதுதான்.

பிறந்த நாடு அவரை விடவுமில்லை. 2022 செப்டம்பரில் இளம்பெண் மஹ்சா அமினி போலீஸ் காவலில் இறந்து ஈரானில் பெண்கள் தெருவுக்கு வந்தபோது கராகானி வெளிப்படையாகப் பேசினார். 1987இல் பெற்றோர் தப்பி ஓட முடிவெடுக்காமல் இருந்திருந்தால் தானும் இன்று உயிரைப் பணயம் வைத்து அந்தத் தெருவில் நின்றிருப்பேன் என்பது அவர் எழுதியதன் சாரம். தெஹ்ரான் அரசு நார்வேத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. தெஹ்ரானில் பிறந்தவர் பேசியதற்கு நார்வே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி ஒஸ்லோ வந்த அன்று மாலை அண்ணன் என்னை அரசுச் செயலகப் பகுதிக்கு அழைத்துப்போனார். நாடாளுமன்றத்திலிருந்து நடை தூரம். 2011 ஜூலை 22 அன்று இங்கே குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். அடுத்த சில மணி நேரத்துக்குள் உத்தோயா தீவில் தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் சொன்ன காரணம், இந்தக் கட்சிதான் வெளியாரை நாட்டுக்குள் விடுகிறது என்பது. அன்று தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே வந்த கம்சாயினி குணரத்தினம். அவருடைய வழியும் நகர மன்றம் வழியாகத்தான்: 19 வயதில், 2007இல் ஒஸ்லோ நகர மன்ற உறுப்பினர், 2015இல் துணை மேயர், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். படுகொலை நடந்து பத்தாண்டு முடிந்த அதே ஆண்டில் தப்பியவர் அவைக்குள் போனார், அகதியாக வந்தவர் அவைத் தலைவரானார். அந்தக் கொலைகாரனுக்கு நார்வே கொடுத்த பதில்களில் இதைவிட முழுமையான ஒன்றை நான் பார்க்கவில்லை.

அண்ணன் தன் முதல் வாக்கைப் பற்றிச் சொன்னார். “91இல வார்டோவில போட்டனான். குடியுரிமை வர இன்னும் கன வருசம் இருந்தது. மீன் ஃபாக்டரி உடுப்போட போய் நிண்டன். என்ர பேரைக் கூப்பிட்டு வாசிச்சுப் போட்டுக் கடதாசியைத் தந்தவை.” அன்றைக்கு அந்த ஆலையில் வேலை செய்த தமிழர்களில் வாக்களிக்கப் போனவர்கள் சிலரே என்றும் சொன்னார். இப்போதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை உள்ள வெளிநாட்டவரில் பெரும்பான்மையோர் வாக்குச்சாவடிப் பக்கம் போவதே இல்லை.

நார்வேயில் இருந்து இதைப் படிக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2027 செப்டம்பரில். மூன்று ஆண்டு அங்கே வசித்திருந்தால் போதும், கடவுச்சீட்டின் நிறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. போய் வாக்களியுங்கள், பிடித்த பெயருக்கு நேரே குறி போடவும் மறந்துவிடாதீர்கள். முடிந்தால் உங்கள் பெயரையும் பட்டியலில் கொடுங்கள்.